கும்பகோணம் வீட்டைப் புதுப்பிக்க பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 55 வயது. சென்னையில் தனியார் வேலை, ஓய்வுக்கு இன்னும் 3 வருடம். கும்பகோணத்தில் அப்பா விட்டுப்போன வீடு 80 வருடப் பழசு. திண்ணை, முற்றம், தேக்குத் தூண்கள், மரக்கட்டைகள் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளம் எல்லாம் உண்டு. இப்போது பின்கட்டில் ஒழுகுகிறது. ஓய்வுக்குப் பிறகு அங்கேயே போய்விட நினைக்கிறோம். முற்றத்தை மூடி, டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் போட்டுத் தர 20 லட்சம் கேட்கிறார் ஒப்பந்ததாரர். பி.எஃப்.பில் 34 லட்சம் இருக்கிறது. எடுக்கலாமா? அப்பா உயில் எழுதவில்லை. அம்மாவும் இல்லை. அக்கா மட்டும் இருக்கிறார், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

பதில்: பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீட்டில் சரிபாதி அக்காவுக்கு. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், சரி. அவர் பிள்ளைகள்? மருமகன்? இன்றைக்கு நீங்கள் 20 லட்சம் போட்டால், நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது அதில் பாதி அவர்கள் கணக்கில் போய்ச் சேரும். எனவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் பத்திர எழுத்தரைப் பாருங்கள். அக்காவுக்கு உரியதைப் பேசி முடித்து, அவர் தன் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் எழுதுவதற்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு உண்டு, வெளியாளிடம் வாங்குவதுபோல் செலவு ஆகாது. அப்புறம் பட்டாவையும் வீட்டு வரியையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். கடன் வாங்கப் போனால் வங்கி கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

இனி பி.எஃப். 2024-25க்கு அதன் வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி நீடித்தால், இப்போது எடுக்கும் 20 லட்சம் 3 வருடத்தில் சுமார் 25 லட்சமாகியிருக்கும். ஓய்வுக்குப் பிறகு மாதச் செலவுக்கு உதவ வேண்டிய பணம் அது. அதைச் சுவரில் பூசிவிட்டால், அவசரத்துக்குச் சுவரைச் சுரண்டி எடுக்க முடியாது. வீட்டை விற்றால் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பழைய வீட்டை வாங்க வருகிறவர் பெரும்பாலும் மனைக்குத்தான் விலை பேசுவார், கட்டடத்தை இடிக்கிற செலவாகவே பார்ப்பார். இந்த 20 லட்சத்தை முதலீடு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். நீங்கள் வாழப்போகிற வீட்டுக்கான செலவு, அவ்வளவுதான்.

அந்த 20 லட்சப் பட்டியலைப் பாருங்கள். ஒழுகலை நிறுத்துவதற்கு அதில் என்ன இருக்கிறது? ஃபால்ஸ் சீலிங் ஒழுகலை மறைக்கும், நிறுத்தாது. மேலே உத்தரம் உளுத்துப்போவது கீழே தெரியாமல் போய்விடும். முற்றத்தை மூடினால் காற்றும் வெளிச்சமும் போகும், பகலிலும் விளக்கும் ஃபேனும் ஓடும். இன்னொரு விஷயம், சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். என் பாட்டி வீட்டில் அப்படிப் பூசி, இரண்டே மழைக்காலத்தில் மறுபடி கொத்தி எடுத்தோம். கூலி இரண்டு முறை.

என் வரிசை வேறு. முதலில் மேல்தளம், பிறகு முற்றத்துத் தூம்பு, மழைநீர் வடிகால். அடுத்து ஆசாரியை வைத்து உத்தரங்களையும் கட்டைகளையும் தட்டிப் பார்த்து, கரையான் தின்றதை மட்டும் மாற்றுங்கள். மின் வயரிங்கை முழுதாக மாற்றிவிடுங்கள், இதில் சிக்கனம் கூடாது. வயதான காலத்துக்கு வீட்டுக்குள்ளேயே வழுக்காத தரையோடு ஒரு குளியலறை. மற்ற அலங்காரமெல்லாம் அங்கே குடியேறி ஒரு வருடம் இருந்த பிறகு யோசிக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம், கூலியும் கூடுதல். ஆனால் வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யலாம், ஒரே மூச்சில் 20 லட்சம் வேண்டியதில்லை.

கையிருப்பு போக 6 லட்சம் குறைந்தால் வீடு பழுதுபார்க்கும் கடன் வாங்குங்கள், பர்சனல் லோன் பக்கம் போகாதீர்கள். 9 சதவீதத்தில் 3 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 19,000 ரூபாய் வரும், சம்பளம் இருக்கும்போதே முடிந்துவிடும். வரிச்சலுகையை நம்ப வேண்டாம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பழுதுக் கடன் வட்டிக்குப் பழைய வரிமுறையில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு, புதிய முறையில் அதுவும் இல்லை.

பில்களைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் விற்றால், குளியலறை கட்டியது போன்ற மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயக் கணக்கில், அதாவது விற்ற லாபத்துக்கு வரி போடும் கணக்கில், கழிக்கலாம். வெள்ளையடித்த செலவைக் கழிக்க முடியாது. துண்டுச்சீட்டில் எழுதித் தரும் கணக்கும் அங்கே உதவாது.

தூண்களுக்கு யாராவது விலை பேச வந்தால் கொடுத்துவிடாதீர்கள். அதே தேக்கை மறுபடி வாங்கப் போனால் தெரியும். இந்த ஐப்பசி மழையில் இரண்டு நாள் அங்கே போய்த் தங்கி, எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறித்துவிட்டு வாருங்கள். வேலையைத் தை பிறந்து, வெயில் வந்ததும் ஆரம்பிக்கலாம். அதற்குள் அக்காவின் பத்திரத்தையும் முடித்துவிடலாம்.