டீ ஐந்தரைக்கு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் லீட்ஸுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. மகளின் பள்ளியில் மத்தியானச் சாப்பாட்டை ‘டின்னர்’ என்கிறார்கள். பக்கத்து வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெயர் ‘டீ’. டின்னர் என்றால் இரவு உணவு என்றுதானே படித்தோம்? இங்கிலீஷ்காரர்களே இப்படித் தப்பாகப் பேசினால் மகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? சப்பர் என்பது வேறா? முள்கரண்டி பிடிக்கும் முறையையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முள்கரண்டியை மகளிடமே கேளுங்கள், இந்நேரம் உங்களைவிட நன்றாகப் பிடிப்பாள். சப்பரை இன்னொரு நாள் பார்க்கலாம். ‘தப்பாக’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதுதான் சுருக்கென்றது. உங்கள் லீட்ஸ் பக்கத்து யார்க்‌ஷயர்க்காரி தன் வீட்டு அடுப்படியில் நின்று பேசுவது தப்பு, நம்மூர் ஏழாம் வகுப்பு வாத்தியார் சொன்னது சரியா? நல்ல நியாயம்!

நானும் அந்த வாத்தியாரிடம் படித்தவன்தான். உங்களுக்குப் பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டில் ஆறு மாதம் ஒரு பாட்டி வீட்டு மாடியில் குடியிருந்தேன். கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். சாப்பாட்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை. போன அன்றே, “டீ ஐந்தரைக்கு” என்றார். “சாயங்காலம் டீ குடிக்கும் பழக்கமில்லை” என்றேன், ரொம்ப மரியாதையாக. ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். நான் டின்னருக்காகக் காத்திருந்தேன். எட்டு, எட்டரை, ஒன்பது. கீழே விளக்கு அணைந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தேன். மறுநாளும் முறுக்கு. மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. திறந்தால் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’ என்னும் பண்டம், ஓரமாக ஆறிச் சுருங்கிய பட்டாணி. “என் சமையல் பிடிக்கலைன்னா சொல்லிடு, லவ்.” அந்த ஊரில் பஸ் டிரைவர்கூட எல்லாரையும் ‘லவ்’ என்பார், நம் ‘கண்ணு’ மாதிரி. அந்தப் பட்டாணியில் ஒன்றைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

டின்னர் என்பது நேரத்தின் பெயரல்ல, அன்றைய பெரிய சாப்பாட்டின் பெயர். எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன். லத்தீன் வேரைத் தோண்டினால் ‘நோன்பு முறிப்பது’ என்று வருகிறது; பிரேக்ஃபாஸ்டுக்கும் அதே பொருள்தான்! இடைக்காலத்தில் முற்பகலிலேயே டின்னர். பிறகு லண்டன் சீமான்கள் அதைப் பிற்பகலுக்கும், மாலைக்கும், விளக்கு வைத்த பிறகுக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். நடுவில் வயிறு காய்ந்தது, லஞ்சும் மாலை டீயும் முளைத்தன. 1755இல் சாமுவேல் ஜான்சன் என்ற பண்டிதர் தன் ஆங்கில அகராதியில் லஞ்சுக்குப் போட்ட பொருள், ஒரு கை கொள்ளும் அளவு உணவு. அவ்வளவுதான் அதற்கு மரியாதை. மில்லில் நின்றவர்களுக்கு ஏது இந்தச் சொகுசு? நடுப்பகலில் டின்னர், வேலை விட்டு வந்ததும் டீயோடு ஒரு சாப்பாடு, அதற்குப் பெயரும் டீ. நம் வாத்தியார் நடத்தியது சீமான் வீட்டுப் பாடம்.

1907இல் பிராட்ஃபோர்டு நகராட்சி ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சமைத்துப் போட்டதும் டின்னர்தான். இன்றைக்கும் உங்கள் மகளின் பள்ளியில் பாருங்கள்: ஒரே மணி, ஒரே கூடம். பள்ளிச் சமையலைச் சாப்பிடும் பிள்ளைக்கு ‘ஸ்கூல் டின்னர்’, வீட்டு ரொட்டியைப் பிரிக்கும் பிள்ளைக்கு ‘பேக்ட் லஞ்ச்’. இதில் கடிகாரம் எங்கே வந்தது?

என் அத்தை ஆறு தோசை சாப்பிட்டிருப்பாள். “சாப்பிட்டாச்சா அத்தை?” என்றால், “எங்கடா, டிபன்தான்” என்பாள். சோறு இறங்கினால்தான் அவளுக்குச் சாப்பாடு. அந்த டிபனும் வெள்ளைக்காரன் இங்கே தன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பெயர். நாம் பிடுங்கி இட்லிக்கு வைத்துக்கொண்டோம். அவன் வந்து ‘தப்பு’ என்றால் அத்தை விட்டிருப்பாளா?

அது கிடக்கட்டும், உங்கள் மகளுக்கு ஸ்கூல் டின்னரா, பேக்ட் லஞ்சா? நீங்கள் கட்டிக்கொடுப்பது தயிர்சாதம் என்றால், அதை அவள் அங்கே என்ன பெயர் சொல்லித் திறக்கிறாள் என்று கேட்டு எழுதுங்கள்.