ஷெரிஃப் அலுவலகம் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தானா? பொதுமக்களுக்காக அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கேள்வியைப் பார்த்ததும் 2015 அக்டோபர் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் லௌடன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி) ஆஷ்பர்ன் என்ற ஊருக்கு அப்போதுதான் குடிவந்திருந்தோம். தெருமுனைப் புல்தரையில் வரிசையாகச் சின்னச் சின்ன அட்டைகள் நட்டிருந்தார்கள். வீட்டு மனை விளம்பரமாக இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்த்தால், இன்னாரை ஷெரிஃப் ஆக்குங்கள் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்ம ஊர் எஸ்.பி. ஜீப்பில் நின்றுகொண்டு பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் கைகூப்பி ஓட்டு கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த அட்டையிலேயே இருக்கிறது. நகரப் போலீஸ் தலைவரை நிர்வாகம் நியமிக்கும், பிடிக்காவிட்டால் மாற்றும். ஷெரிஃபை அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வர்ஜீனியாவில் 4 வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். கவுண்டி நிர்வாகக் குழு அவருக்குப் பணம் ஒதுக்கலாம், ஆனால் வேலையை விட்டுத் தூக்க முடியாது. பதவியும் இன்று நேற்று வந்ததல்ல. 1634ல் வர்ஜீனியாவை ஷயர் என்ற 8 மாவட்டங்களாகப் பிரித்தபோதே இங்கிலாந்து வழக்கப்படி ஷெரிஃபும் வந்துவிட்டார். (சென்னைக்கும் ஒரு காலத்தில் ஷெரிஃப் உண்டு, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அது விழாவுக்குப் போய் விருந்தினரை வரவேற்கும் கௌரவப் பதவி. இங்கே இருப்பவர் இடுப்பில் துப்பாக்கியோடு வருகிறவர்.)

இதில் இன்னொரு குழப்பம், ஷெரிஃபின் வேலையே கவுண்டிக்குக் கவுண்டி மாறும். எங்கள் லௌடனில் லீஸ்பர்க் மாதிரி இரண்டு மூன்று டவுன்களுக்குத்தான் சொந்தப் போலீஸ். ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங், சவுத் ரைடிங் என்று தமிழர்களும் தெலுங்கர்களும் குவிந்திருக்கிற இடங்களுக்கெல்லாம் ஷெரிஃப் அலுவலகம்தான் போலீஸ். திருட்டு, விபத்து, பக்கத்து வீட்டுச் சத்தம், எதுவானாலும் வருவது டெபுட்டி எனப்படும் ஷெரிஃபின் அதிகாரிதான். 1990ல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 86,000, 2020 கணக்கெடுப்பில் 4,20,000க்கும் மேல். ஒரு தலைமுறைக்குள் சோளக்காடும் குதிரைப் பண்ணையும் போய் டேட்டா சென்டரும் டவுன்ஹவுஸும் ஆன ஊர். ஆனால் காரை எடுத்துக் கிழக்கே கொஞ்ச தூரம் போய் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டிக்குள் நுழைந்தால் கதையே வேறு. அங்கே கவுண்டிக்கென்று தனிப் போலீஸ் துறை இருக்கிறது. அந்த ஊர் ஷெரிஃப் ஜெயிலைப் பார்த்துக்கொள்வார், கோர்ட்டுக்குக் காவல் போடுவார், சம்மனும் வீட்டைக் காலி செய்யும் உத்தரவும் கொண்டுபோய்க் கொடுப்பார், ரோந்து சுற்றுவது அவர் வேலை இல்லை. ஆக, ஷெரிஃப் என்ன செய்வார் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது, எந்தக் கவுண்டி என்று கேட்க வேண்டும்.

சரி, பொதுமக்களோடு என்ன செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு இது புரிந்தது என் அப்பாவால்.

2023 கோடையில் அப்பா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். பரமக்குடிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை இங்கே போலீசும் அக்கம்பக்கத்தாரும் சந்தித்துப் பழகுகிற நேஷனல் நைட் அவுட் என்று ஒன்று நடக்கும், 1984லிருந்து நாடு முழுக்க நடப்பது. அன்று சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துப் பக்கம் பீட்சா, ஐஸ்கிரீம் எல்லாம் வைத்திருந்தார்கள், இரண்டு டெபுட்டிகள் காரோடு வந்து நின்றார்கள், பிள்ளைகள் சைரன் பட்டனை அழுத்த வரிசையில் நின்றார்கள். அப்பா இருபதடி தள்ளியே நின்றார். போலீஸ் நிற்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்கிற நிற்பு அது. அதில் ஒரு டெபுட்டி தானாக வந்து கை கொடுத்து, எந்த ஊர் சார், எத்தனை மாதம் இருப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"ஏப்பா, இது நம்ம ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மாதிரியா?" என்றார் அப்பா. 1993ல் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் அது ஆரம்பித்தது, அவருக்கு அதில் ஒரு ஊர்ப் பெருமை உண்டு. 2020ல் சாத்தான்குளத்துக்குப் பிறகு அரசே அதைத் தடை செய்ததும் அவருக்குத் தெரியும். நான், "அது பொதுமக்கள் போலீசுக்கு உதவுறதுப்பா, இது போலீஸ் பொதுமக்கள்கிட்ட வந்து நிக்கிறது" என்றேன். "நவம்பர்ல தேர்தல்னு சொன்னியே, அதுக்காக இருக்கும்" என்றார். மனுஷன் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

ஓட்டு ஒரு காரணம்தான், மறுக்கவே முடியாது. ஷெரிஃபின் பெயர் போட்ட நோட்டீஸ், ஷெரிஃபோடு போட்டோ, இதெல்லாம் சும்மா வருவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அன்று அங்கே நின்ற பாதிப் பேருக்கு மேல் எங்களைப் போல ஹெச்1பி, கிரீன் கார்டு கோஷ்டி. எங்களுக்கு ஓட்டே கிடையாது. அப்பாவுக்குச் சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் கை கொடுத்தார்கள், நோட்டீஸும் கொடுத்தார்கள்.

அந்த நோட்டீஸ்தான் அக்டோபரில் உதவியது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், அப்பாவின் இங்கத்திய நம்பருக்கு ஒரு போன். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஜூரி டியூட்டிக்கு (கோர்ட்டில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் குடிமக்களை அழைப்பது) வராததால் உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் அபராதம் கட்டாவிட்டால் கைது என்று ஒருவன் மிரட்டியிருக்கிறான். அமெரிக்கக் குடிமகன்தான் ஜூரியில் உட்கார முடியும், டூரிஸ்ட் விசாவில் வந்த அப்பாவுக்கு அழைப்பு எப்படி வரும்? அதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றாது. கை நடுங்கியது என்று அவரே பிறகு சொன்னார். அபராதத்தை எங்கே கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்குப் போய் கிஃப்ட் கார்டு வாங்கி அதிலுள்ள நம்பரைப் படித்துக் காட்டு என்றிருக்கிறான். இவர் தலைமையாசிரியர் அல்லவா, கிஃப்ட் கார்டு என்றால் என்ன, எந்தக் கடை, ரசீது தருவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவன் பொறுமையாக விளக்கியிருக்கிறான். இருபது நிமிடம்! அப்போதுதான் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டிருக்கிறது. எந்த டெபுட்டியும் போனில் பணம் கேட்க மாட்டார், கேட்டால் வைத்துவிடுங்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. வைத்துவிட்டார். இந்தியாவில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஏமாற்றுகிறார்களே, அதற்கு அண்ணன் இது. ஷெரிஃப் அலுவலகங்களின் பெயரை வைத்தே நாடு முழுக்க நடக்கிறது, அவர்களும் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

தங்கம் இன்னொரு விஷயம். இந்தியர் வீடு என்று பார்த்து, நகைக்காகவே உடைத்துத் திருடும் கும்பல்கள் அமெரிக்காவின் பல ஊர்களில் பிடிபட்டிருக்கின்றன. நம் ஆட்கள் கூடிய ஒரு கூட்டத்தில் இது பற்றிப் பேச வந்த அதிகாரி ஒருவர், அரிசி டப்பாவிலும் சாமி அலமாரியிலும் ஒளித்து வைக்காதீர்கள், அது திருடனுக்கும் தெரியும் என்றார். கூட்டத்தில் பாதிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி மறுநாளே பேங்க் லாக்கருக்குப் பதிவு செய்தாள். நகையைப் போட்டோ எடுத்து வைப்பது, ஊருக்குப் போகிறோம் என்று ஃபேஸ்புக்கில் போடாமல் இருப்பது, பக்கத்து வீட்டாரிடம் தபாலை எடுத்து வைக்கச் சொல்வது, எல்லாம் பாட்டி சொல்லும் புத்திமதி மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டாரே ஒருவர் வீட்டை ஒருவர் கவனித்துக்கொள்ளும் நெய்பர்ஹுட் வாட்ச் திட்டத்தை 1972ல் தேசிய அளவில் தொடங்கியதே ஷெரிஃப்களின் சங்கம்தான்.

அப்புறம், இந்தக் கூட்டங்களில் நான் கற்றுக்கொண்டதிலேயே பயனுள்ளது ஒன்று. பின்னால் போலீஸ் கார் விளக்குப் போட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜன்னலை இறக்கிவிட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி. நம் ஊரில் இறங்கிப் போய் "சார், சார்" என்று பேசுவதுதான் மரியாதை, உட்கார்ந்தே இருந்தால் திமிர். இங்கே இறங்கி நடந்து போனால் அவர்கள் கை துப்பாக்கிப் பக்கம் போகும். லைசென்ஸ் எடுக்கக் குனிவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் குனிய வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்து வண்டி ஓட்டும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் வருகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் டேர் என்று போதைப்பொருள் எதிர்ப்புப் பாடம், டெபுட்டியே வந்து நடத்துவார். 1983ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. என் மகள் டீ ஷர்ட்டும் சான்றிதழும் வாங்கி வந்தாள். பழைய பாடத்திட்டத்தால் பெரிய பலன் இல்லை என்று 1990களிலேயே ஆய்வுகள் சொல்லிவிட்டன, பிறகு மாற்றினார்கள். எனக்கு இன்னும் அதில் முழு நம்பிக்கை கிடையாது. ஆனால் 2023 இலையுதிர் காலத்தில் ஸ்டெர்லிங்கில் ஒரே உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த மாணவர்கள் அடுத்தடுத்து ஃபெண்டனில் என்ற கடுமையான போதைப்பொருள் கலந்த மாத்திரையால் மயங்கி விழுந்த செய்தி வந்தபோது ஊரே ஆடிப்போய்விட்டது. பெற்றோர்களுக்கு ஏன் உடனே சொல்லவில்லை என்று பெரிய சண்டை. கடைசியில் அப்போதைய மாநில ஆளுநர் யங்கினே, பள்ளி தொடர்பாக இப்படி நடந்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதன் பிறகுதான் இப்படி மயங்கியவரைக் காப்பாற்ற மூக்கில் அடிக்கும் நாலாக்சோன் என்ற மருந்தை எப்படிக் கொடுப்பது என்று கவுண்டி நடத்தும் இலவசப் பயிற்சிக்கு நானும் என் மனைவியும் போனோம். அதுவரை அது யாரோ மற்றவர்கள் வீட்டுப் பிரச்சினை என்றுதான் இருந்தோம், உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா.

பலருக்குத் தெரியாத ஒன்று ப்ராஜெக்ட் லைஃப்சேவர். ஆட்டிசம் உள்ள குழந்தையோ மறதி நோய் வந்த பெரியவரோ வீட்டை விட்டு வெளியே போய்த் தொலைந்துவிடும் பயம் இருந்தால், கையில் ரேடியோ சிக்னல் தரும் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள், காணோம் என்றால் அந்த சிக்னலை வைத்துத் தேடுவார்கள். 1999ல் வர்ஜீனியாவிலேயே செசபீக் நகரில் தொடங்கியது, லௌடன் ஷெரிஃப் அலுவலகத்திலும் உண்டு. வயதான பெற்றோரை வீட்டில் வைத்திருப்பவர்கள் வெட்கப்படாமல் விசாரியுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஷெரிஃப் என்றால் ஐஸ்கிரீம் தருகிற மாமா என்று நினைத்துவிட வேண்டாம். 1996 சட்டத்தில் 287(ஜி) என்று ஒரு பிரிவு, உள்ளூர் அதிகாரிகளும் மத்திய குடியேற்றத் துறையின் வேலையில் ஒரு பகுதியைச் செய்ய ஒப்பந்தம் போடலாம் என்கிறது. போடுவதா வேண்டாமா என்பது பல இடங்களில் அந்தந்த ஷெரிஃபின் கையில். பக்கத்து பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் ஜெயில் நிர்வாகம் போட்டிருந்த ஒப்பந்தம் 2020ல் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. காகிதம் சரியில்லாத ஒரு குடும்பம் அந்த நீச்சல் குளத்துப் பக்கம் வரவே வராது, திருட்டுப் போனால்கூட 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட யோசிக்கும். அவர்களிடம் எந்த நோட்டீஸும் போய்ச் சேராது. அன்று நாங்கள் சிரித்துக்கொண்டு நின்றதற்கு எங்கள் விசாவும் ஒரு காரணம்.

கேட்டவர் இந்தப் பக்கம் குடிவருவதாக இருந்தால் முதலில் உங்கள் முகவரி யாருடைய எல்லையில் வருகிறது என்று பாருங்கள், டவுன் போலீஸா, கவுண்டிப் போலீஸா, ஷெரிஃபா. அவசரமில்லாத விஷயத்துக்கான நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 911 அவசரத்துக்கு மட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 911ல் ஆங்கிலம் வராவிட்டால் பதறாமல் "டமில்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்க்கும் வசதி உண்டு, கொஞ்ச நேரம் பிடிக்கும். முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அந்த நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. அப்பா ஊருக்குப் போகும் முன், தனக்குப் பின்னால் வரப்போகும் சம்பந்திக்காக அதன் கீழே பேனாவால் எழுதி வைத்துவிட்டுப் போனார்: "கிஃப்ட் கார்டு என்று சொன்னால் உடனே கட் செய்யவும். விளக்கம் கேட்க வேண்டாம்."