கேள்வி–பதில்: பஸ்ஸிலேயே குமட்டுகிறது, பிளேனில் என்ன ஆகும்?

விமானப் பயணம், விமானிகள் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்து இங்கே.

குடியாத்தம் வாசகி: மகளைப் பார்க்க முதல் முறையாக சிங்கப்பூர் போகிறேன். காட்பாடிக்கு பஸ்ஸில் போனாலே எனக்கு வாந்தி. மருந்துக் கடையில் ஆன்டான்செட்ரான் கொடுத்தார்கள். அது போதுமா? எந்த சீட் கேட்பது?

போதாது. ஆன்டான்செட்ரான் நல்ல மருந்துதான், ஆனால் கீமோதெரபிக்குப் பின் வரும் வாந்திக்கும் வயிற்றுக் கோளாறு வாந்திக்கும். பயண வாந்தி வேறு வழியில் வருகிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு கிளப்பிவிடும் செய்தி, ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் என்ற ரசாயனங்கள் மூலமாக மூளையின் வாந்தி மையத்தை எட்டுகிறது. அந்த வழியை அடைக்கும் மருந்துதான் உங்களுக்கு வேண்டும். புரோமெத்தசின் தியோக்ளேட் 25 மி.கி. (கடையில் அவோமின் என்று கேட்பார்கள்) அந்த வகை. கிளம்புவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு ஒரு மாத்திரை. நீண்ட பயணம் என்றால் முந்தைய இரவு படுக்கும்போது ஒன்று. குமட்டல் தொடங்கியபின் விழுங்கிப் பயனில்லை. அப்போது இரைப்பை அசைவு நின்றுவிடுவதால் மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடக்கும். கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட் வீக்கம், கர்ப்பம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. நன்றாகத் தூக்கம் வரும். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது விமானத்துக்கு அல்ல, மீனம்பாக்கம் வரை போகும் சாலைக்குத்தான். சுமார் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போய்வரும் மெதுவான ஆட்டம்தான் மனிதனை அதிகம் குமட்ட வைக்கிறது என்று 1970களின் ஆய்வுகள் காட்டின. கப்பலில் அது நிறைய உண்டு. பஸ்ஸின் பிரேக், வளைவு, வேகமெடுப்பு எல்லாம் அதே மெதுவான கணக்கில்தான் வரும். ஜெட் விமானம் மேலே போய் நிலையாகிவிட்டால் பெரும்பாலும் ஆட்டமே இராது. ஆகவே மாத்திரைக் கணக்கை விமான நேரத்திலிருந்து அல்ல, வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து போடுங்கள். முடிந்தால் காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கிருந்து மெட்ரோ விமான நிலையத்துக்கே போகிறது.

சீட் இறக்கைக்கு நேராக, ஜன்னலோரம். விமானத்தின் வால் பக்கம்தான் அதிகம் ஆடும். தலையை சீட்டின் தலைப்பகுதியில் நன்றாகச் சாய்த்து அசையாமல் வையுங்கள். பாதித் தொல்லை தலையை ஆட்டுவதால் வருவது. வெளியே தொடுவானம் தெரிந்தால் அதைப் பாருங்கள். மேகம் மூடி வெறும் வெள்ளையாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மேலே உள்ள காற்றுத் துளையை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். செல்போன் பையிலேயே இருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், நெய் மிதக்கும் சாப்பாடும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். ஆம்பூர் பிரியாணி திரும்பி வந்தபின்.

வாணியம்பாடி வாசகர்: ஏலகிரி ஏறும்போது பின்சீட்டில் எல்லோரும் வாந்தி எடுக்கிறோம், டிரைவர் மட்டும் ஜாலியாக இருக்கிறார். காதில் பஞ்சு வைத்தால் சரியாகுமா?

சமநிலை உறுப்பு செவிப்பறைக்கும் உள்ளே, கபால எலும்பின் ஆழத்தில் இருக்கிறது. பஞ்சு ஹாரன் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும். எலுமிச்சை முகர்வது டீசல் நாற்றத்தை மறைக்கும், அந்த அளவுக்கு உபயோகம். இஞ்சிக்கு ஆய்வு முடிவுகள் இரண்டு விதமாகவும் உள்ளன; கெடுதல் இல்லை.

டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்கு முன்பே அவர் மூளைக்கு அடுத்த அசைவு தெரியும். காது சொல்வதும் மூளை எதிர்பார்ப்பதும் ஒத்துப்போவதால் அவருக்குக் குழப்பம் இல்லை. அதே மனிதரைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். புலவர்களைக் கீழே இறங்கியபின் படித்துக்கொள்ளலாம்; வண்டிக்குள் பலகை வாசிப்பதும் வாந்திக்கு ஒரு வழி. முன்சீட்டில் உட்கார்ந்து, அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

ராணிப்பேட்டை மாணவர்: மேகத்துக்குள் போனால் விமானிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாதாமே? உடம்பு சாய்வது கூடவா தெரியாது?

தெரியாது. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டு நின்றதும் வீடே எதிர்ப்பக்கம் சுற்றும் அல்லவா, அதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. உட்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுள் திரவம். தலை திரும்பத் தொடங்கும்போது குழல் நகரும், திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் நரம்பு 'திரும்புகிறோம்' என்று சொல்கிறது. ஒரே வேகத்தில் திரும்பிக்கொண்டே இருந்தால் 10–20 விநாடிகளில் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். பிறகு காது 'நேராகப் போகிறோம்' என்று சாதிக்கும். திருப்பத்தை நிறுத்தினால் 'எதிர்ப்பக்கம் திரும்புகிறோம்' என்று புகார் சொல்லும். அதை நம்பி விமானி மறுபடி பழைய பக்கமே சாய்த்தால், விமானம் வட்டமடித்துக்கொண்டே இறங்கும். மிக மெல்லச் சாய்ந்தாலோ, காது அதைக் கவனிப்பதே இல்லை.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை வைத்துப் பறக்கும் பயிற்சி பெறாத 20 பேரைத் தொடுவானம் தெரியாத நிலையில் ஓட்டவைத்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி.

பயிற்சி பெற்றவர்களுக்கும் ஆபத்து உண்டு. 1978 ஜனவரி 1 இரவு பம்பாயிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' போயிங் 747 கடலுக்கு மேல் வலப்பக்கம் திரும்பிவிட்டு நேரானது. கேப்டன் முன்னிருந்த செயற்கைத் தொடுவானக் கருவி பழுதாகி, விமானம் இன்னும் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. கீழே இருண்ட கடல், ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஒரு கோடு கூடக் கிடையாது. அவர் இடப்பக்கம் சாய்த்தார், மேலும் சாய்த்தார். 213 பேர் இறந்தார்கள். அந்த காக்பிட்டில் மூன்று தொடுவானக் கருவிகள் இருந்தன. இரண்டு ஒன்றைச் சொல்ல, ஒன்று வேறு சொன்னால் இரண்டை நம்ப வேண்டும். உடம்புக்கு ஓட்டே கிடையாது. இந்த விதியை எழுதிவைப்பது சுலபம், தலை கிறுகிறுக்கும் இருட்டில் கைக்கு வரவழைப்பதுதான் கஷ்டம். அதற்காகத்தான் விமானப்படை மருத்துவ நிறுவனங்கள் திசைக்குழப்பத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் சிமுலேட்டர் வைத்திருக்கின்றன. 1957இல் தொடங்கிய பெங்களூர் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்திலும் ஒன்று உண்டு.

அரக்கோணம் பிளஸ் டூ மாணவி: ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர்களைப் பார்த்து வளர்ந்தவள். பைலட் ஆக ஆசை. ஆனால் பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும். விட்டுவிடட்டுமா?

விட வேண்டாம். பயிற்சியின் முதல் சில பறத்தல்களில் குமட்டல் வருவது சகஜம், பெரும்பாலோருக்குப் பழகிப்போகிறது. போகாதவர்களுக்குச் சுழல் நாற்காலிப் பயிற்சி உண்டு. மெதுவாகச் சுற்றவிட்டு, தலையை இடம் வலம் சாய்க்கச் சொல்வார்கள். முதல் அறிகுறி தெரிந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்த அமர்வில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். இடைவெளி விட்டால் பழக்கம் கரைந்துவிடும் என்பதால் தொடர்ந்து செய்ய வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு விமானம் ஓட்ட முடியாது, தூக்கம் வரும்.

அறிகுறிகளை இப்போதே கவனித்துப் பழகுங்கள்: கொட்டாவி, எச்சில் ஊறுதல், மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை, பிறகுதான் குமட்டல். சிலருக்குக் குமட்டலே வராமல் அசதியும் தூக்கமும் மட்டும் வரும். அதுவும் இதே நோய்தான். சோம்பல் என்று திட்டு வாங்கித் தருவது அதுதான்.

வேலூர் வாசகர்: விமானிகள் தூங்கிவிடுவார்களாமே? இரவு ஷிஃப்ட் பார்க்கும் நாங்கள் காபி குடித்துச் சமாளிக்கிறோமே?

சமாளிப்பதாக நினைக்கிறீர்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுவதாக 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதிகாலை 2 முதல் 6 வரை உடல் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். மன உறுதி அங்கே செல்லாது.

தூங்குவதை விட, எழுந்த உடனே வேலை செய்வது ஆபத்து. 2010 மே 22 காலை மங்களூரில் ஓடுதளத்தைத் தாண்டி விழுந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் அதற்குமுன் சுமார் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருந்தார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த மந்தமும் ஒரு காரணமாக விசாரணையில் சொல்லப்பட்டது. நாசா ஆய்வு ஒன்றில், முன்கூட்டியே திட்டமிட்டு 40 நிமிடம் ஒதுக்கியதில் விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கி, இறங்கும் கட்டத்தில் நல்ல விழிப்புடன் இருந்தார்கள். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இதற்கு விதிப்படி அனுமதி உண்டு, அமெரிக்காவில் இல்லை.

உங்களுக்கு இது உதவும் இடம் ஒன்று இருக்கிறது: உறவினரை அழைத்துவர நள்ளிரவில் சென்னை போய், விடிகாலை மூன்று மணிக்குக் காரைத் திருப்பும் வேளை. வந்து இறங்கியவரிடமும் ஸ்டீயரிங்கைக் கொடுக்காதீர்கள். விமான நிலைய வாகன நிறுத்தத்திலேயே ஒரு காபி குடித்துவிட்டு, உடனே 20 நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். எழுந்ததும் 15 நிமிடம் நடந்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் மறுபடி கண் சொக்கினால், கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒதுக்கி நிறுத்தி, விடிந்தபின் ஊர் சேருங்கள்.