பதில்: தடிமனான ஜெல்லின் நடுவில் செல்கள் சாகின்றன

எம்.டெக் ப்ராஜெக்டுக்கு 8 மி.மீ. தடிமனில், செல்கள் கலந்த ஜெல்மா (ஒளி பட்டால் இறுகும் ஜெலட்டின் ஜெல்) துண்டு வார்த்தீர்கள். நாலாம் நாள் சாயம் போட்டால் ஓரம் பச்சை (உயிருள்ளவை), நடு முழுக்கச் சிவப்பு (செத்தவை). மீடியாவை (செல்களுக்கான ஊட்டத் திரவம்) அடிக்கடி மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள். இருக்காதுங்க. ஆக்சிஜன் தானாக ஊடுருவிப் போவது 100–200 மைக்ரோமீட்டர்தான். அதற்குள்ளேயே வழியில் உள்ள செல்கள் அதைத் தின்றுவிடும். ஜெல்லை இறுக்கிய புற ஊதா ஒளியைச் சந்தேகிக்க வேண்டாம், அது காரணமென்றால் முதலில் ஓரம்தான் செத்திருக்கும்.

ஆகவே மீடியா ஓட உள்ளே குழாய் வேண்டும். ப்ளூரானிக் எஃப்127 (குளிரில் நீராகும் ஒரு பாலிமர் ஜெல்) கொண்டு இழைகளை அச்சிட்டு, சுற்றி ஜெல்மா ஊற்றி, ஒளியில் இறுக்குங்கள். பிறகு 4 டிகிரிக்குக் குளிரவைத்தால் ப்ளூரானிக் நீராகிவிடும், உறிஞ்சி எடுக்கலாம். 2012இல் ஆய்வாளர் ஜோர்டன் மில்லரின் குழு இதையே சர்க்கரைக் கம்பிகளால் செய்தது, கரைத்தால் போதும். பெங்களூரு மழைக்காலத்தில் சர்க்கரை பிசுபிசுத்துவிடும், நான் ப்ளூரானிக்கையே சொல்வேன்.

குழாய்ச் சுவரில் எண்டோதீலியல் செல்களை (ரத்தக் குழாயின் உள்சுவரில் இருப்பவை) விடும்போது துண்டை அவ்வப்போது திருப்பிவையுங்கள், இல்லையேல் அடிப்பக்கம் மட்டும் ஒட்டும். ஒட்டிய பிறகே பம்ப் வைத்து மீடியாவை ஓட்டுங்கள், அதுவும் மெதுவாக. லேப் பம்ப் விலை கட்டாதென்றால் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் (எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) சின்ன பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை அழுத்தித் திரவத்தைத் தள்ளுவது) தேடிப் பாருங்கள்.

அப்புறம், முதல் முறையே 8 மி.மீ. வேண்டாம். 2 மி.மீ., ஒரே குழாய். செல் அடர்த்தி எவ்வளவு வைத்தீர்கள்? அதை எழுதினால் குழாய்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று சொல்கிறேன்.