எத்தனை பேரில் எத்தனை? நீர்க்கட்டி சிகிச்சையும் ஆராய்ச்சிக் கணக்கும்: கேள்வி-பதில்

செல்போனில் வந்த ஆராய்ச்சிச் செய்திகளை அப்படியே அனுப்பி “இது நெசமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டியும் குழந்தைப்பேறும் பற்றிய ஐந்து கேள்விகள் இங்கே.

வில்லாபுரம் வாசகர்: லெட்ரோசோல் சாப்பிட்டால் 44 சதவீதம் கூடுதலாகக் குழந்தை பிறக்கிறதாம். என் மனைவிக்கும் அந்த மாத்திரைதான். நூற்றுக்கு 44 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வு. சினைப்பையில் முட்டை வளர்ந்து வெடித்து வெளிவரத் தரும் மாத்திரை லெட்ரோசோல். அதைச் சாப்பிட்ட 374 பேரில் 103 பேருக்குக் குழந்தை பிறந்தது. அதே வேலைக்கான பழைய மாத்திரை குளோமிஃபீன் சாப்பிட்ட 376 பேரில் 72 பேருக்குப் பிறந்தது. அதாவது நூற்றுக்கு 27.5, 19.1. இரண்டாவதைப் போல முதலாவது 1.44 மடங்கு, அந்த 44 இங்கிருந்துதான் வருகிறது. மாட்டுத்தாவணியில் மல்லிகை கிலோ 500-லிருந்து 1,000 ஆனாலும் இரண்டு மடங்கு, கொத்தமல்லிக் கட்டு 10-லிருந்து 20 ஆனாலும் இரண்டு மடங்கு. மடங்கை மட்டும் சொன்னால் பையிலிருந்து எவ்வளவு போனது என்று தெரியாது. இங்கே உண்மையான வித்தியாசம் நூற்றுக்கு 8.4. சுமார் 12 பேர் பழைய மாத்திரையை விட்டு இதற்கு மாறினால் ஒரு குழந்தை கூடுதல். நல்ல பலன்தான், ஆனால் 44 இல்லை.

அதுவும் ஒரே மாதத்தில் வந்த பலன் அல்ல, அதிகபட்சம் ஐந்து மாதவிலக்குச் சுழற்சிகளில் வந்தது. மாதவிலக்கின் 3-ம் நாளிலிருந்து ஐந்து நாள், தினம் 2.5 மி.கி. முட்டை சரியாக வெடிக்காவிட்டால் அடுத்த சுழற்சியில் 5, பிறகு 7.5 மி.கி. முதல் மாதம் முட்டை வளரவில்லை என்றதும் ஆஸ்பத்திரியை மாற்றுபவர்கள், டோஸ் கூட்டும் முன்பே எழுந்து போகிறார்கள். புது இடத்தில் மறுபடி 2.5-லிருந்து ஆரம்பம்.

இன்னொன்று உங்களுக்கு. அந்த ஆய்வில் கணவரின் விந்தணு எண்ணிக்கை போதுமானதாக இருக்க வேண்டும், மனைவிக்கு ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகே சேர்த்தார்கள். நீங்கள் இன்னும் விந்தணுப் பரிசோதனை செய்யவில்லை என்றால் 27.5 என்ற எண் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

திருமங்கலம் வாசகி: மகளுக்கு எழுதிய லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்கிறார் சம்பந்தியம்மா. பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று அரசே தடை செய்ததாமே?

புற்றுநோய் மாத்திரை என்பது உண்மை. தடை இருந்ததும் உண்மை: குழந்தையின்மைக்கு இதைத் தருவதை இந்தியா 2011-ல் தடை செய்தது, 2017-ல் அந்தத் தடையை நீக்கியது. பயத்தின் வேர் 2005-ல் ஒரு மருத்துவ மாநாட்டில் வாசித்த சுருக்கம். லெட்ரோசோலுக்குப் பின் பிறந்த 150 குழந்தைகளை, சிக்கல் குறைந்த தாய்மார்கள் பிரசவித்த ஒரு மருத்துவமனையின் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சைக்கு வரும் பெண்களுக்கு வயது கூடுதல், உடல் சிக்கலும் கூடுதல். எதிர்த்தட்டில் வைத்த கல்லே தப்பு. 2006-ல் 911 குழந்தைகளைப் பார்த்தபோது இரு பக்கமும் சிகிச்சை எடுத்த தாய்மார்கள்தான்: பிறவிக் குறைபாடு லெட்ரோசோலில் 2.4 சதவீதம், குளோமிஃபீனில் 4.8. 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பி.சி.ஓ.எஸ்.-இல் முட்டை வெடிக்க வைக்க முதலில் சொல்வது லெட்ரோசோலைத்தான்.

கவனிக்க வேண்டியது வேறு. நாள் தள்ளிப்போய், மாத்திரை போட்டு மாதவிலக்கை வரவழைப்பவர்கள், அதற்கு முன் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ஏற்கெனவே கரு நின்றிருக்கும்போது லெட்ரோசோல் சாப்பிடக் கூடாது.

மேலூர் வாசகி: எனக்கு சுகர் இல்லை. ஏன் மெட்ஃபார்மின்?

பி.சி.ஓ.எஸ்.-இல் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் தருகிறார்கள். ஆனால் குழந்தைக்காக அதை மட்டுமே நம்பக் கூடாது. 2007-ல் வெளியான 626 பேர் ஆய்வில் பிரசவம்: மெட்ஃபார்மின் மட்டும் 7.2 சதவீதம், குளோமிஃபீன் மட்டும் 22.5, இரண்டும் சேர்த்து 26.8. முட்டை வெடித்தது குளோமிஃபீனில் 49 சதவீதம், இரண்டும் சேர்ந்தால் 60.4. முட்டைக் கணக்கில் தெளிவாக ஏறியது, தொட்டில் கணக்கில் 22.5-க்கும் 26.8-க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவில்தான் நின்றது. “முட்டை நல்லா வெடிக்குது” என்று ஸ்கேனில் சொல்வதும், கையில் குழந்தை வருவதும் வேறு வேறு. எந்த ஆய்வைப் படித்தாலும் எதை எண்ணினார்கள் என்று முதலில் தேடுங்கள்.

அந்தப் பெண்களின் சராசரி பி.எம்.ஐ. (உயரத்தை வைத்து எடையைப் பார்க்கும் அளவு) சுமார் 35. நம் ஊரில் 155 செ.மீ. உயரமுள்ள பெண் என்றால் 84 கிலோ. நீங்கள் 55 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், அதே உயரம் என்றால் பி.எம்.ஐ. 23-க்குள் வரும். அந்த எண்களை உங்கள் மேல் அப்படியே ஒட்ட முடியாது.

உசிலம்பட்டி வாசகி: கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டு மூன்றே மாதத்தில் கரு நின்றது என்று பலர் வீடியோவில் சொல்கிறார்களே?

சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. சீனாவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 1,000 பெண்களிடம் அக்குபங்சர் என்கிற ஊசி குத்தும் வைத்தியத்தைச் சோதித்த ஆய்வு 2017-ல் வந்தது. குளோமிஃபீனோடு உண்மை ஊசி: பிரசவம் 29.4 சதவீதம். குளோமிஃபீனோடு ஒப்புக்குக் குத்திய ஊசி: 28. மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையோடு உண்மை ஊசி: 13.9. மாவு மாத்திரை, ஒப்புக்கு ஊசி: 16.8. ஊசியால் பலன் இல்லை என்பது ஒரு செய்தி. கடைசி எண் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி. மருந்தே இல்லாமல் நூற்றில் 16, 17 பேர் பெற்றிருக்கிறார்கள். அந்தச் சமயம் கழற்சிக்காய் சாப்பிட்டிருந்தால் பெயர் அதற்குப் போயிருக்கும். நிற்காத 83 பேர் வீடியோ போட மாட்டார்கள்.

அண்ணா நகர் வாசகி: டெஸ்ட் டியூப் முறையில் 70 சதவீத வெற்றி என்கிறது விளம்பரம். கருவை உறையவைத்துப் பிறகு வைப்பதுதான் நல்லது என்கிறார்களே?

இரண்டாவதற்கு ஆதாரம் உண்டு. 2016-ல் 1,508 பி.சி.ஓ.எஸ். பெண்களின் ஆய்வில், முதல் முறை கரு வைத்ததிலேயே பிரசவம்: உறையவைத்ததில் 49.3 சதவீதம், உடனே வைத்ததில் 42. சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து 7.1-லிருந்து 1.3 ஆனது. ஆனால் கர்ப்பகால ரத்தக் கொதிப்புச் சிக்கலான ப்ரீஎக்லாம்ப்சியா 1.4-லிருந்து 4.4 ஆக ஏறியது. உறையவைத்த கருவில் நின்றால் ஒவ்வொரு செக்கப்பிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

70-க்கு வருவோம். முட்டை வளர ஊசி மருந்து ஆரம்பித்த எல்லோரிலும் 70-ஆ, கரு வைக்கும் வரை வந்தவர்களில் மட்டுமா? கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ஹெச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதா, ஸ்கேனில் துடிப்பு தெரிந்ததா, குழந்தை பிறந்ததா? உங்கள் வயதுக்காரர்களில் எவ்வளவு? பணம் கட்டும் முன் இந்த மூன்றையும் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்.