ஜன்னலில் கோட்டை விட்டவர்கள்

கேள்வி: இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட், பிரான்சில் மலைமேல் கட்டிய ஷாத்தோ கையார் யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்கிறார்களே. அதை ஆறே வருஷத்தில் எப்படிக் கோட்டை விட்டார்கள்?
- வாசகர், கரூர்

பதில்: பஸ்ஸைக் கோட்டை விடலாம், பரீட்சையைக் கோட்டை விடலாம், டெபாசிட்டைக் கூடக் கோட்டை விடலாம். கோட்டையையே கோட்டை விட்டவர்களை என்ன சொல்வது? 'இந்தத் தொகுதி எங்கள் எஃகுக் கோட்டை' என்று மைக் பிடிப்பவரைப் பார்த்தாலே எனக்கு ஷாத்தோ கையார்தான் ஞாபகம் வரும்.

சேன் நதிக்கு மேலே, சுண்ணாம்புப் பாறை முகட்டில் 1196இல் ஆரம்பித்து 1198இல் முடித்துவிட்டார் ரிச்சர்ட். இரண்டே வருஷம்! எங்கள் தெருமுனைச் சிறுபாலத்துக்கு இது மூன்றாவது வருஷம். கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் யாரோ தினமும் துண்டு காயப்போடுகிறார்கள்.

சரி, கோட்டைக்கு வருவோம். 1199இல் வேறொரு கோட்டையை வளைத்தபோது அம்பு பட்டு ரிச்சர்ட் இறந்தார். தம்பி ஜான் பட்டத்துக்கு வந்தார். 1203இல் முற்றுகையைத் தொடங்கிய பிரெஞ்சு மன்னர் பிலிப், 1204 மார்ச் 6 அன்று கோட்டையைப் பிடித்தார். சிப்பாய்கள் கக்கூஸ் குழாய் வழியாக ஏறினார்கள் என்று ஒரு கதை உண்டு. என் நண்பர் ஒருவர் இதைச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் சொல்வார். அவரோடு எனக்கு இருபது வருஷ வழக்கு. பிலிப்போடு கூடவே இருந்த பாதிரியார் கியோம் எழுதிவைத்த கவிதையில் வருவது ஜன்னல். தேவாலயக் கட்டடத்து ஜன்னல். அந்தக் கட்டடமும் ரிச்சர்ட் கட்டியதல்ல, ஜான் பிற்பாடு சேர்த்தது. உள்ளே சத்தம் கேட்டுக் காவலர்கள் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைக்க, புகை அவர்கள் பக்கமே திரும்பியது!

நல்ல வீட்டைக் கெடுப்பது எப்போதும் எக்ஸ்டென்ஷன்தான் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! எங்கள் அலுவலகத்தில் வாசலுக்கு மூன்று பூட்டு. போன வருஷம் காற்று வரட்டும் என்று பின்னால் ஒரு ஜன்னல் வைத்தோம். அன்றிலிருந்து காபிக்கு வாங்கும் பாலில் பாதி பூனைக்கு.

நீங்கள் கேட்காத ஒன்று. முற்றுகைக்குப் பயந்து பக்கத்து ஊர் ஜனங்கள் கோட்டைக்குள் புகுந்திருந்தார்கள். தானியம் பத்தாது என்று தளபதி ரோஜர் டி லேசி அவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழிவிட்டார்கள். அப்புறம் அதுவும் நின்றது. கடைசியாக வந்த நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு படைக்கும் நடுவே, குளிர்காலத்தில், சரிவில் மாட்டிக்கொண்டார்கள். புல்லைத் தின்றார்கள். கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட நாய்களையும் தின்றார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கடைசியில் சாப்பாடு போட்டவர், கோட்டையை வளைத்திருந்த பிலிப்.