பாட்டிக்கு ஊசி போடுற பொண்ணுக்கு கணக்கு வராதா?

சார், நேத்து நீங்க மூணு பேரும் வந்துட்டுப் போனதுலேர்ந்து இதேதான் மண்டைக்குள்ள ஓடுது. உங்க பொண்ணு நீட் ரெண்டு தடவை எழுதியாச்சு, மூணாவதுக்கு கோச்சிங் ஃபீஸ் கட்டணுமா இல்ல நிலத்த வித்து டீம்டு காலேஜ்ல எம்பிபிஎஸ் சேத்துடலாமான்னு கேட்டீங்க. ரெண்டும் வேணாம். வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல கேக்குற எடம், நிலத்த வித்தாலும் ரெண்டு வருஷத்துக்குத்தான் வரும்னு நீங்களே சொன்னீங்க, மீதிக்கு வட்டி கட்டப்போறது உங்க தங்கச்சியா?

பொண்ணு வாய் தெறந்து கேட்டது பி.எஸ்சி நர்சிங். அதுக்கு அவ அத்தை "கணக்குப் பாடமே இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப், கணக்கே வராது, டோஸ் தப்பாப் போட்டா என்ன ஆகும்"னாங்க. பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனா அது என்ன கணக்குன்னு பாருங்க. 12 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 எம்ஜி பாராசிட்டமால்னு டாக்டர் எழுதினா 180 எம்ஜி. கையில இருக்குற சிரப் 5 எம்எல்ல 120 எம்ஜின்னா 7.5 எம்எல் ஊத்தணும், அதுவே 5 எம்எல்ல 250 எம்ஜி பாட்டில்னா 3.6 எம்எல்தான். பழக்கதோஷத்துல இதுலயும் 7.5 ஊத்தினா 375 எம்ஜி உள்ள போயிடும், டபுளுக்கும் மேல. வகுக்கத் தெரியாம வர்ற தப்பா இது? பாட்டில திருப்பிப் பாக்காததால வர்றது. டிரிப்பும் அப்படித்தான், 500 எம்எல் 8 மணி நேரத்துல போகணும், டிரிப் குழாய்ல ஒரு எம்எல்லுக்கு 20 சொட்டுன்னா நிமிஷத்துக்கு 21 சொட்டு, எட்டாங்கிளாஸ் கணக்கு.

நேத்து அவ போற போக்குல ஒண்ணு சொன்னா, நீங்க போன் பாத்துட்டு இருந்தீங்க. பாட்டிக்கு இன்சுலின் போட மெடிக்கல்ல ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் குடுத்தாங்க, செவப்பு மூடிதான் வேணும்னு மாத்திட்டு வந்தேன்னா. நான் கணக்கு குரூப் படிச்சவன் சார், எனக்கே புரியல, வீட்டுக்குப் போய் தேடிப் படிச்சேன். பாட்டியோட இன்சுலின்ல ஒரு எம்எல்லுக்கு 40 யூனிட், செவப்பு மூடிதான் அதுக்கு, ஆரஞ்சு மூடி எம்எல்லுக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு, அதுல 10-ம் கோடு வரைக்கும் இழுத்தா பாட்டி ஒடம்புக்குப் போறது வெறும் 4 யூனிட். தலைகீழா, 100 யூனிட் மருந்த செவப்பு மூடியில 10 இழுத்தா 25 யூனிட், சுகர் மளமளன்னு எறங்கி ஆளே மயங்கிடுவாங்க. இத யாரும் சொல்லாம கவனிச்சு திருப்பிக் குடுத்தவளுக்கா கணக்கு வராது?

மீதிய வார்டுல பழக்கிடுவாங்க. .5ன்னு எழுதக்கூடாது, 0.5ன்னு எழுதணும், புள்ளி மங்கினா 5 ஆயிடும். இன்சுலின், ரத்தம் உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின் மாதிரி மருந்துன்னா இன்னொரு நர்ஸும் தனியா கணக்கு போட்டுப் பாத்து ஒத்துவந்தாத்தான் ஊசியே.

மொதல்ல கவர்மென்ட் சீட்டுக்கு அப்ளிகேஷன் போடுங்க. பிரைவேட் காலேஜ்னா இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, பிள்ளைங்கள எந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்புறாங்க, அங்க நெசமாவே பேஷன்ட் இருக்காங்களான்னு நேர்ல போய்ப் பாருங்க, கட்டடத்தப் பாத்து ஏமாறாதீங்க.

கோச்சிங் ஃபீஸுக்கு திங்கக்கிழமை கடைசி நாள்னீங்கல்ல, கட்டாதீங்க.